காற்றின் மேல் போட்ட பழி: பழைய லாரி ஒன்றின் முன்பட்டை புஷ் மாற்றம்

ஆடி மாதத்தின் இரண்டாவது வாரத்தில் அந்த லாரி, திருநெல்வேலியை ஒட்டிய பேட்டை என்ற ஊரில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு வண்டி. ஆறு சக்கரம், 16 டன் ரகம், முன்னும் பின்னும் பட்டை, அதாவது எஃகுத் தகடுகளை அடுக்கிய வில். ஓடோமீட்டர் 7,40,000 கிலோமீட்டரில் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உரிமையாளரின் டீசல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் பத்து லட்சத்தை எட்டியிருக்கும். முதல் எட்டு ஆண்டுகள் தூத்துக்குடியிலிருந்து எல்லையிலுள்ள புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு உப்பு ஏற்றியது. பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி, பாவூர்சத்திரம் காய்கறி, திரும்பும்போது ரப்பர் தடி, இடையிடையே நாகர்கோவிலுக்கு மூட்டை லோடு என்று கிடைத்ததையெல்லாம் சுமந்தது. உப்பு ஏற்றிய வண்டி என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் அது தேவைப்படும்.

புகார் ஒரே வரிதான். பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. நம் நாட்டில் வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற வண்டியின் பக்கம்.

ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். அவரை இந்த வண்டியில் ஏற்றி ஓராண்டு ஆகிறது. முதலில் அவர் காற்றைத்தான் குறை சொல்லியிருக்கிறார். நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று போகப் போக ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கும். காற்றாலைகள் சும்மாவா அங்கே வரிசையாக நிற்கின்றன? “ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், காலி லாரி எம்மாத்திரம் அண்ணாச்சி” என்றார். உரிமையாளரும் இரண்டு மாதம் அதை நம்பியிருக்கிறார்.

நான் ஒன்று கேட்டேன். “தம்பி, நாகர்கோவில் போகும்போது மேற்கு உனக்கு எந்தக் கைப்பக்கம்?”

“வலது கை.”

“காற்று எங்கிருந்து அடிக்கிறது?”

அவர் கொஞ்சம் யோசித்தார். தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. தெற்கு நோக்கிப் போகும் லாரியை அது இடப்பக்கம்தான் தள்ள வேண்டும். இந்த வண்டியோ காற்றை எதிர்த்து வலப்பக்கம் போயிருக்கிறது. அதோடு புளியரை எஸ் வளைவில், சாரல் நேரத்தில், தடி ஏற்றி இறங்கும்போதும் இதே இழுப்பு இருந்திருக்கிறது. மலையின் மடிப்புக்குள் அப்படி ஒரு காற்று கிடையாது.

என்னிடம் வருவதற்கு முன்பு வேறு இரண்டு இடங்களில் வேலை நடந்திருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து பேரிங் மாற்றியிருக்கிறார்கள். டை ராடு எண்டு இரண்டும் புதிது. இடது முன் சக்கரத்தின் பிரேக் பிடிப்பு குறைவு என்று லைனிங் மாற்றியிருக்கிறார்கள். வீல் அலைன்மென்ட் இரண்டு முறை. அந்த வேலைகளில் நான் குறை காண வரவில்லை. செய்த வரைக்கும் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். பிரேக் அடித்தால் இழுக்கும் வண்டிக்கு நானும் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பேன். ஆனால் லைனிங் மாற்றிய பிறகும் இழுப்பு துளியும் குறையவில்லை என்றால், அதே இடத்தை மறுபடி நோண்டுவதில் பொருளில்லை.

இருந்தாலும் ஒப்புக்குப் பார்த்தேன். டிரம் இரண்டும் தொட்டுப் பார்த்தால் ஒரே சூடு. முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டியபோது அது நின்றுவிட்டது. ஆகவே அது பேரிங் ஆட்டம், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் ஆட்டமில்லை. நட்டை ஓர் இழுப்பு இறுக்கியதில் அது சரியானது. டயரில் மட்டும் ஒரு செய்தி இருந்தது. வலது முன் டயரின் ஓரம் இறகு இறகாகச் சீவியிருந்தது. கையை உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்குகிறது, வெளியிலிருந்து உள்ளே தடவினால் குத்துகிறது. சக்கரம் நேராக ஓடாமல் உரசிக்கொண்டு ஓடுவதற்கான அடையாளம் அது.

அடுத்து நான் செய்ததற்குக் கருவி எதுவும் வேண்டாம். வலது முன் சக்கரத்துக்கு முன்னால், பட்டையின் முன்முனை கண்ணுக்குத் தெரியும்படி தரையில் குந்தினேன். ஓட்டுநரை வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்திச் சட்டென்று பிரேக் அடிக்கச் சொன்னேன். பிறகு ஒரு முழம் பின்னே, மறுபடி பிரேக். முன்னே வந்து நின்றபோது ‘டக்’ என்றது. பட்டை முனை பின்னுக்குப் போய் உட்கார்ந்தது. பின்னே போய் நின்றபோது இன்னொரு ‘டக்’, முனை முன்னுக்கு வந்தது. மூன்றாவது தடவை பிராக்கெட்டின் இடுக்கிலிருந்து காவி நிறத்தில் பொடி கொட்டியது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். செங்கல் தூள் போல மாவாக இருந்தது, எண்ணெய்ப் பசையே இல்லை. இரும்பும் இரும்பும் காய்ந்த நிலையில் உரசினால்தான் இந்தப் பொடி வரும். கிரீஸ் இருக்கும் இடத்தில் கறுப்புக் களிம்புதான் வரும்.

ஆனால் அந்த இடத்துக்குக் கிரீஸ் ஏற்றும் சிறு வாயான நிப்பிளின் தலையைச் சுற்றிக் கிரீஸ் பளபளவென்று பூசியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்தது அங்கேதான்.

ஒரு நூல் ஆட்டம் செய்கிற வேலை

பட்டை வண்டியில் முன் ஆக்சிலைச் சேஸியோடு பிடித்து வைப்பது பட்டை மட்டும்தான். முதல் பட்டையின் இரு நுனிகளையும் சுருட்டிக் கண் போல வளைத்திருப்பார்கள். முன்கண் ஒரு பின், அதாவது உருண்டை இரும்புத் தண்டு, வழியாகச் சேஸி பிராக்கெட்டில் நிலையாகக் கோத்திருக்கும். பின்கண் ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடும், அதற்கு இடம் கொடுப்பது ஷேக்கிள். ஆக்சில் முன்னே இருக்க வேண்டுமா பின்னே இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது முன்கண்ணும் அதற்குள் பின்னைச் சுற்றி இருக்கும் உலோக உறையான புஷ்ஷும்தான்.

பிரேக் அடித்ததும் சாலை சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, சேஸி தன் வேகத்தில் முன்னே போகிறது. புஷ் தேய்ந்திருந்தால் அந்த இடைவெளி அளவுக்கு ஆக்சில் பின்னே நழுவும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் இருக்கிறது. அதிலிருந்து வலது சக்கரத்தைத் திருப்பும் கையான ஆர்முக்கு நீள ராடு ஒன்று போகிறது. ஆக்சில் பின்னே போகும், ராடு போகாது. அது ஆர்மைப் பிடித்து நிறுத்த, சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. ஸ்டீயரிங்கை ஓட்டுநர் கல் போலப் பிடித்திருந்தாலும் சரி, தானாகவே திரும்பும். ஸ்டீயரிங் பாக்ஸை எத்தனை முறை பிரித்தாலும் இது தீராததற்குக் காரணம் இதுதான்.

அளந்தும் பார்த்தேன். முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை இரு பக்கமும் டேப் பிடித்தோம். பின்னே உருட்டி நிறுத்தினால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். முன்னே உருட்டிப் பிரேக் அடித்து நிறுத்தினால் வலப்பக்கம் 3 மில்லிமீட்டர், பட்டறைக் கணக்கில் ஒரு நூல், குறைந்தது. ஒரு நூல் என்ன பெரிய கணக்கு என்று உரிமையாளர் முகத்தைச் சுளித்தார். ஆர்மின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியில் ஒரு நூல் நகர்ந்தாலே சக்கரம் ஏறக்குறைய ஒரு பாகை திரும்பிவிடும். வண்டி 20 மீட்டர் போவதற்குள் ஓர் அடிக்கு மேல் விலக இது போதும். புளியரையில் ஓர் அடி என்பது எவ்வளவு என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரித்தது

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டும் மரக்கட்டை முட்டும் கொடுத்து, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் போகிறவனுக்கு என் பட்டறையில் வேலை இல்லை. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகளை அறுத்தே எடுத்தோம். ஒருமுறை இறுக்கி நீண்ட யு போல்ட்டை மறுபடி போடுவது அற்பத் தொகைக்குப் பட்டையைப் பணயம் வைப்பது.

இடப்பக்கத்துப் பின்கள் சம்மட்டியின் நாலைந்து அடியில் வந்துவிட்டன. வலது முன்கண்ணின் பின் மட்டும் அசையவே இல்லை. டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டும் மறுநாள் காலையில் அப்படியே இருந்தது. பையன் கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணே, ஒரு நிமிடம் சூடு காட்டினால் வந்துவிடும்.” வந்துவிடும்தான். பட்டை, சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகு. பதம் பார்த்துச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளக்கி அந்த வில்தன்மையைக் கொண்டுவந்திருப்பார்கள். கண் சிவக்கும்படி தீ காட்டினால் அந்த இடத்தின் பதம் போய்விடும். இன்றைக்கு அந்தப் பின் வந்துவிடும், மூன்றாவது மாதம் பாரத்தோடு போகும்போது கண் முறியும். முன்கண் முறிந்த லாரியை ஒருமுறை கங்கைகொண்டான் பக்கம் போய் மீட்டிருக்கிறேன். ஆக்சில் ஒரு பக்கம் பின்னே போய், டயர் மட்கார்டில் முட்டி நின்றது. வேகம் குறைவாக இருந்ததால் ஆள் பிழைத்தார். டார்ச்சைத் திருப்பி வைக்கச் சொன்னேன். பித்தளைக் கட்டையை முட்டுக் கொடுத்து, இருவர் மாறி மாறி அடித்து, பதினோரு மணிக்கு அது வெளியே வந்தது.

அந்தப் பின்னைத் துடைத்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். மேல்பாதியில் தயாரித்தபோது தீட்டிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. கீழ்ப்பாதியும் முன்புறமும் பிறை போலத் தின்றிருந்தன. நகத்தால் வருடினால் படி போலத் தட்டியது. புது அளவு 25 மில்லிமீட்டர். தேய்ந்த இடத்தில் வெர்னியர் 23.4 காட்டியது. புஷ் இன்னும் மோசம். மேலே தடிமன் அப்படியே இருக்க, கீழே 2 மில்லிமீட்டர் காணாமல் போயிருந்தது. இரண்டையும் கூட்டினால் 3.6. பாரத்தைச் சுமக்கும் பக்கமும் பிரேக்கைத் தாங்கும் பக்கமும் மட்டும் தேய்ந்திருக்கின்றன. மற்ற பாதி 2004இலேயே இருக்கிறது.

நிப்பிளைக் கழற்றிப் பின்னுக்குள் கம்பியை விட்டேன். இரண்டு அங்குலம் போய் நின்றது. இந்தப் பின்களில் நடுவே நீளவாக்கில் ஒரு துளை, அதிலிருந்து பக்கவாட்டில் வெளியே ஒரு துளை. கிரீஸ் அந்த வழியாகத்தான் புஷ்ஷுக்குப் போக வேண்டும். பழைய கிரீஸ் அதற்குள் காய்ந்து புளியங்கொட்டை போல இறுகிக் கிடந்தது. பக்கத்துளையின் வாயில் உப்புத் துரு. நிப்பிளின் வாயிலோ கறுப்புப் பெயிண்ட்.

பெயிண்ட் எப்படி வந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டியை வாய்க்காலில் இறக்கிக் கழுவி, அடியில் கறுப்புப் பெயிண்ட்டைப் பீய்ச்சி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவோம். பீய்ச்சுகிறவருக்கு நிப்பிளும் ஒன்றுதான், சேஸியும் ஒன்றுதான். பிறகு கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போக வழியில்லாமல் நிப்பிளின் தோளைச் சுற்றி வழியும். அடித்தவர் ‘நிறைந்துவிட்டது’ என்று அடுத்த நிப்பிளுக்குப் போவார். கிரீஸ் போட்ட கணக்கு ஓட்டுநரின் நோட்டில் மாதாமாதம் இருந்தது. பொய்க் கணக்கில்லை, அவர் உண்மையாகவே அடித்திருக்கிறார்.

போட்டது

முன்பட்டை ஒன்றுக்கு மூன்று புஷ்: முன்கண், பின்கண், ஷேக்கிள் பிராக்கெட். இரு பக்கமும் சேர்த்து ஆறு. வலது முன்கண் ஒன்றை மட்டும் மாற்றித் தரும்படி உரிமையாளர் கேட்டார். மறுத்துவிட்டேன். ஒரு பக்கம் இறுக்கமும் மறு பக்கம் தளர்ச்சியுமாக விட்டால் இழுப்பு பக்கம் மாறும், அவ்வளவுதான். பின் ஆக்சிலின் புஷ்களைக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தேன். அவை இன்னும் ஓராண்டு தாங்கும் என்று தோன்றியது. அவற்றுக்குத் துளையை மட்டும் சுத்தம் செய்தோம்.

கடையில் தயாராகக் கிடைக்கும் புஷ்ஷில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் இருபது ஆண்டு பழைய கண், துருவைச் சுரண்டியதும் சற்று விரிந்திருந்தது. அளவுக்கு வாங்கிய புஷ் அதில் கையாலேயே நுழைந்தது. கையால் நுழைகிற புஷ் பின்னோடு சேர்ந்து சுற்றி, கண்ணையே தின்னும். ஆகவே ஆறுக்கும் லேத்துப் பட்டறையில் வெண்கல வகையான கன்மெட்டல் தண்டிலிருந்து கடைந்து வாங்கினேன். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக அளந்து, வெளிவிட்டம் அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும்படி சொன்னேன். உள்ளே கிரீஸ் ஓட எட்டு வடிவக் காடி வெட்டச் சொன்னேன்.

பழைய புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்துத் தள்ளக்கூடாது. ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் அது சுருங்கித் தானே விடும். கீறல் கண்ணின் எஃகைத் தொடுவதற்கு முன் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். பட்டையில் பிளேடு பட்ட கோடுதான் நாளைக்கு விரிசல் தொடங்கும் இடம். பட்டைகளைப் பிரித்த கையோடு விரிசலும் பார்த்தோம். மண்ணெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினால் விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். இடது செட்டின் மூன்றாவது பட்டையில், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையை ஒட்டி அப்படி ஒரு கோடு தெரிந்தது. அந்தப் பட்டையை மாற்றினோம்.

புது புஷ்ஷை நீளமான போல்ட்டும் தடித்த வாஷரும் வைத்து நட்டைத் திருகித் திருகி இழுத்து உட்கார வைத்தோம். அடித்து ஏற்றினால் ஓரம் மழுங்கும், கோணலாகவும் போகும். இப்படி இறுக்கமாக ஏற்றியதும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கிவிடும். புதுப் பின் நுழையாது. இங்கேதான் பலர் பின்னைச் சம்மட்டியால் அடித்து ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போகிறார்கள். துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே திசையில் சுற்றி. பின்னுக்கு எண்ணெய் தடவிக் கட்டை விரலால் தள்ளினால் நுழைய வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் தன் எடைக்குத் தானே விழக்கூடாது. ஆறு புஷ்ஷுக்கும் அந்தப் பதத்தைக் கொண்டுவர ஒரு முழு மாலை ஆனது. பிசிறு ஒன்றுகூட மிஞ்சாமல் மண்ணெண்ணெயில் கழுவினோம்.

ஒரு கிளைச் செய்தி. புதிய சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் கன்மெட்டலுக்குப் பதில் ரப்பர் புஷ் இருக்கும். அதற்கு ரீமரும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கெடும். அங்கே கவனம் வேறு. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழியும். வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கம்.

எடையில் நின்ற பிறகு இறுக்குவது யு போல்ட்டுக்கும் பொருந்தும். அது தெரிந்தும் அன்று இருட்டிவிட்ட அவசரத்தில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டேன். காலையில் வண்டியை இறக்கி மறுபடி குறுக்கு மறுக்காக இறுக்கியபோது ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக்கு மேல் போனது. அப்படியே அனுப்பியிருந்தால் சென்டர் போல்ட் ஒரு வாரம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

கிரீஸ் அடிக்கும் முறையை ஓட்டுநரையே செய்ய வைத்தேன். வண்டி தரையில் நிற்கும்போது பின்னானது புஷ்ஷின் கீழ்ப்பக்கத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தேய்கிற இடத்தில்தான் கிரீஸுக்கு வழி இருக்காது. சேஸியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் பட்டை பின்னில் தொங்கும், இடைவெளி கீழே திறக்கும். அப்போது அடித்தால் கண்ணின் இரு ஓரங்களிலும் புதுக் கிரீஸ் புழுவாக நெளிந்து வரும். முதலில் கறுப்பாக, பிறகு தெளிவாக. “இரண்டு பக்கமும் வெளியே வருகிற வரைக்கும் கன்னை எடுக்காதே. நிப்பிளைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்” என்றேன். பெயிண்ட் அடிக்கும்போது நிப்பிள் தலைக்குச் சைக்கிள் வால்வு டியூப்பில் ஒரு துண்டை மாட்டிவிடலாம் என்பது அவர் சொன்ன யோசனை. எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

ஓடிப் பார்த்தது

தென்காசி சாலையில் சீதபற்பநல்லூர் வரை காலியாகப் போய் வந்தோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக், பிறகு 50இல். ஸ்டீயரிங்கை விரலால் மட்டும் பிடித்திருந்தார். வண்டி கோடு போட்டது போல நேராக நின்றது. டேப் பிடித்தால் இரு பக்கமும் சமம்.

ஆனால் பட்டறைக்குள் திருப்பி நுழையும்போது மறுபடி ஒரு ‘டக்’. உரிமையாளர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆட்டம் முன்பின்னாக இல்லை, பக்கவாட்டில் இருந்தது. இத்தனை ஆண்டு ஓட்டத்தில் பிராக்கெட்டின் கன்னங்கள் உள்ளே தேய்ந்து, கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சந்து விழுந்திருக்கிறது. திரும்பும்போது பட்டை அந்தச் சந்தில் நழுவி இடிக்கிறது. புஷ்ஷின் மேலேயே கண்ணாக இருந்து பக்கவாட்டை நான் பார்க்காமல் விட்டேன். இரண்டு பின்களை மறுபடி உருவி, அளவான வாஷர் கொடுத்ததில் அரை நாள் கூடுதல். அதற்குக் கூலி வாங்கவில்லை.

மொத்தம் மூன்றரை நாள். செலவு, முன்பு ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் லைனிங்குக்கும் போனதில் பாதிகூட இல்லை. முன் சக்கரத்துக்கு உதவாமல் டயர் மட்டும் ஒன்று போனது. இறகு விழுந்த டயரைப் பின்னால் உள்பக்கம் மாற்றிவிட்டோம்.

600 கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டை மறுபடி இறுக்க வண்டி வந்தது. இந்த முறை நட்டுகள் அசையவில்லை. புளியரையில் தடியோடு இறங்கினாராம், தொந்தரவில்லை. நாகர்கோவிலுக்கும் ஒரு நடை போய் வந்திருக்கிறார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “காவல்கிணறு பக்கம் மட்டும் இடப்பக்கம் தள்ளுகிறது அண்ணாச்சி.”

“அதுதான் காற்று” என்றேன்.